சாப்பிடவில்லை என்று சொன்னவள்

போன மாதம், நான் வேலை பார்த்த லேபிலிருந்து மூன்று பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஜீவனஹள்ளியில் எங்கள் சந்துக்குள் ஆட்டோ திரும்பாது. மெயின் ரோட்டில் இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்து வந்து, "மேரி மேடம், நல்லா ஒளிஞ்சுக்கிட்டீங்க" என்றபடி உட்கார்ந்தார்கள். நான் ரிடையர் ஆகி மூன்று வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு ஆண்டு மலர் போடுகிறார்களாம். அதற்கு நான் லிப்பிட் பற்றி எழுத வேண்டுமாம். "எல்லாருக்கும் புரியுற மாதிரி எழுதுங்க மேடம். இப்பல்லாம் லிப்பிட் டெஸ்டுக்குப் பெரும்பாலும் பட்டினியே வேணாம்னு ஆகிப்போச்சு. அந்தக் காலத்துல தின்னுட்டு வந்து பொய் சொல்றவங்களை நீங்க எப்படிப் பிடிச்சீங்கன்னு கடைசில ஒரு காமெடி போட்டுடுங்க, செமயா இருக்கும்" என்றாள் ஒருத்தி.

காமெடிக்கு என்னிடம் பஞ்சமில்லை. முப்பத்துமூன்று வருஷம் பயோகெமிஸ்ட்ரி லேபில் டெக்னீஷியனாக இருந்தவள். ஒரு ரிடையர்டு போலீஸ் அதிகாரி கதை கான்டீன் முழுக்கப் பிரபலம். பன்னிரண்டு மணி நேரமாகப் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை என்று மீசையைத் தடவிச் சொன்னார். அந்த மீசையிலேயே தேங்காய்ச் சட்னி. "சார், மசாலா தோசையா, செட் தோசையா?" என்று கேட்டேன். மனுஷன் ஒரு நொடி முறைத்துவிட்டு, "மசாலாதாம்மா" என்று சிரித்துவிட்டார். எனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி என்று எல்லாருக்கும் தெரியும். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. பொய்யைப் பிடிக்க மேரியை விட்டால் ஆளில்லை என்று டாக்டர்களே சொல்வார்கள்.

அதையே எழுதிக் கொடுத்திருப்பேன். பேனாவை எடுத்து உட்கார்ந்தால் போலீஸ்காரர் வரவில்லை, வேறொருத்தி வந்து நிற்கிறாள். இருபது வருஷத்துக்கு முன்னால் அவள் சாப்பிடவில்லை என்றாள். நான் சாப்பிட்டாய் என்றேன். ஒன்பதே நாளில் செத்துப்போனாள். இதை மலரில் போட மாட்டார்கள் என்றால் போடாமல் போகட்டும், எனக்கொன்றும் நஷ்டமில்லை.

முதலில் அவர்கள் கேட்டதைக் கொடுத்துவிடுகிறேன். கொழுப்பு என்றால் நம் ஊரில் திட்டுகிற வார்த்தை. டி.வி.யைப் போட்டால் எண்ணெய் விளம்பரக்காரன் பயமுறுத்துகிறான். பாவம், கொழுப்பு என்ன தப்பு செய்தது? லிப்பிட் என்பது தண்ணீரோடு சேராத ஒரு குடும்பம். எண்ணெய், நெய், நம் இடுப்பில் தொங்குவது எல்லாம் அதில் ஒரு வகை, பெயர் ட்ரைகிளிசரைடு. உடம்பு சேர்த்து வைக்கிற எரிபொருள் அது. இன்னொரு வகை பாஸ்போலிப்பிட், உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் சுற்றுச்சுவர். மூன்றாவது கொலஸ்ட்ரால். அதைத் திட்டாத ஆளில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் செல்லின் சுவர் ஒழுங்காக நிற்காது, பித்தநீர் சுரக்காது, பெண்ணுக்கும் ஆணுக்கும் அந்தந்த ஹார்மோன் உண்டாகாது, வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாலும் வைட்டமின் டி கிடைக்காது. நரம்பைச் சுற்றி உறை போட்டிருப்பதும், மூளையில் தண்ணீர் போக மிச்சத்தில் பெரும்பங்கும் இந்தக் குடும்பம்தான்.

ரத்தம் முக்கால்வாசி தண்ணீர். தண்ணீரில் எண்ணெய் எப்படிப் போகும்? உடம்பு அதைப் புரதத்தால் சுற்றிப் பொட்டலம் கட்டி அனுப்புகிறது. சாப்பாட்டிலுள்ள கொழுப்பைக் குடல் கட்டி அனுப்புவது பெரிய பொட்டலம், கைலோமைக்ரான். கல்லீரல் கட்டுவது வேறு. ரிப்போர்ட்டில் எல்.டி.எல்., எச்.டி.எல். என்று பார்க்கிறீர்களே, அவையும் பொட்டலங்கள்தான். ஒன்று கொண்டுபோய்ப் போடும், இன்னொன்று மிச்சத்தைத் திரும்ப எடுத்து வரும். ரத்தக்குழாயின் உள்சுவரில் ஒரு என்சைம் காத்திருக்கிறது. பெரிய பொட்டலம் வந்தால் பிரித்து, கொழுப்பை இறக்கி, தசைக்கும் மற்றதுக்கும் கொடுப்பது அதன் வேலை. சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் வேலை முடிந்து ரத்தம் தெளிந்துவிடும். நாங்கள் பன்னிரண்டு மணிப் பட்டினி கேட்டது அதனால்தான். கர்ப்பிணிகளுக்கு மட்டும் கொழுப்பு தானாகவே கொஞ்சம் ஏறும். பிள்ளை வளர வேண்டுமே, அதற்காக. அது நோயில்லை.

பாடம் முடிந்தது. நான் படித்தது டிப்ளமா, அதில் சொல்ல ஒன்றுமில்லை. வேலை தெரிந்தது எங்கள் எச்.ஓ.டி. ஹெக்டே சாரிடம். சிர்சிப் பக்கத்துக்காரர், ஒல்லி, குரலை உயர்த்தவே மாட்டார். எல்லாரிடமும் கன்னடம்தான். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். "ஏனு நோடிதிரி, மேரியவ்ரே?" என்பார். என்ன பார்த்தீர்கள் என்று கேள்வி. "பேஷன்ட் சாப்பிட்டுட்டு வந்திருக்காரு சார்" என்றால் தலையசைத்து, அது நீங்கள் நினைத்தது, பார்த்தது என்ன என்று மறுபடி கேட்பார். "சீரம் கலங்கலா இருக்கு சார்." "ஹா, அஷ்டே" என்று போய்விடுவார். அவ்வளவுதான் என்று அர்த்தம். இந்த மனுஷனோடு பெரிய ரோதனை என்று நான் கான்டீனில் அவர் மாதிரியே நின்று பேசிக் காட்டுவேன், எல்லாரும் சிரிப்பார்கள்.

அவர் வைத்திருந்த முறை இது. சிவப்பு மூடி ட்யூபில் எடுத்த ரத்தம் அரை மணி நேரம் உறைய வேண்டும். அவசரப்பட்டால் நார் நாராக வரும். பிறகு சென்ட்ரிஃப்யூஜில் பத்து நிமிஷம் சுற்றினால் சிவப்பு அடியில் போய், மேலே சீரம் நிற்கும், வைக்கோல் நிறத்தில், தெளிவாக. அதை வேறு ட்யூபில் மாற்றி, சாரின் கோட்டுப் பாக்கெட்டில் மடித்திருக்கும் கன்னடப் பேப்பரின் தலைப்புச் செய்திக்கு முன்னால் பிடிப்போம். எழுத்து படிக்க முடிந்தால் மெஷினுக்கு. படிக்க முடியாவிட்டால் சீட்டில் ரப்பர் ஸ்டாம்ப்: கலங்கல் மாதிரி, பட்டினியோடு வந்து மறுபடி ரத்தம் கொடுக்கவும். ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டாவது தடவையும் கலங்கினால் ஸ்டாம்ப் அடிக்கக் கூடாது. ட்யூபை ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வைத்து, மறுநாள் அவரிடம் காட்ட வேண்டும். அது சாரின் கண்டிப்பான உத்தரவு.

அந்த வாரம் சார் லீவு. மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். லேபுக்கு நான்தான் சீனியர்.

திங்கட்கிழமை காலை வரிசையில் வந்தாள் முத்துச்செல்வி. இருபத்திரண்டு வயசு, ஏழு மாசம். சந்தாபுராவில் வீடு, இரண்டு பஸ் மாறி மாமியாரோடு வந்திருந்தாள். புருஷன் எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேப் ஓட்டுகிறவன், தர்மபுரிப் பக்கத்துக் குடும்பம். மேல்வயிற்றில் விட்டு விட்டு வலி என்று பிரசவ டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதியிருந்தார்.

"ஏதாவது சாப்பிட்டியாம்மா?"

"இல்லக்கா. நேத்து ஏழு மணிக்கு ரெண்டு சப்பாத்தி. அப்புறம் தண்ணிதான்."

ஊசியில் ஏறும்போதே ரத்தம் வெளிறிப்போய் ரோஸ் நிறமாக இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். சுற்றி எடுத்தால் மேலே நின்றது சீரமே இல்லை, தேங்காய்ப்பால். பேப்பரில் தலைப்புச் செய்தி என்ன, படம்கூடத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வந்து அத்தனை பேர் முன்னாலும், "சப்பாத்தியா, நெய் ரோஸ்ட்டா? உண்மையைச் சொல்லு தாயி" என்றேன். வரிசையே சிரித்தது. அந்தப் பெண்ணும் கூடச் சேர்ந்து சிரித்தாள், என்னவென்று புரியாமல். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை.

புதன்கிழமை மறுபடி வந்தார்கள். மறுபடி தேங்காய்ப்பால். எனக்கு எரிச்சல் பொங்கியது. மாமியார்க்காரி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பக்கத்துலயே படுத்திருந்தேன் சிஸ்டர். எழுந்தும் போகல. எப்படித் தின்னாள்னே தெரியலையே" என்றாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. "புள்ளைத்தாச்சிக்குப் பசி தாங்காது, தெரியும். தின்னா தின்னேன்னு சொல்லிட்டுப் போயேன், பொய் எதுக்கு?" என்று செல்வியைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கம்மா மேல சத்தியமா ஒண்ணும் சாப்பிடலக்கா."

"சத்தியமெல்லாம் இங்க வேணாம். உன் ரத்தமே சொல்லுது நீ தின்னேன்னு."

இந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன். இருபது வருஷமாக என் காதில் என் குரலிலேயே கேட்கிறது. சொல்லிவிட்டு இரண்டாவது சீட்டிலும் ஸ்டாம்ப் அடித்தேன். ட்யூபை ஃப்ரிட்ஜில் வைத்தது மட்டும் கைப்பழக்கம். அதற்குப் பிறகு அதே ஃப்ரிட்ஜைத் திறந்து தினமும் பத்துத் தடவை கிட் எடுத்தேன். அந்த ட்யூப் பக்கம் கண் போகவில்லை. எனக்குத்தான் விடை தெரிந்துவிட்டதே, எதற்குப் பார்க்க வேண்டும்?

வீட்டில் என்ன நடந்தது என்பது, மாமியார் வார்டில் புலம்பியதிலிருந்து, எனக்குப் பின்னால்தான் தெரியும். பட்டினி போட்டது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று, லேபிலிருந்து திரும்பினதும் மாமியார் சோற்றில் நெய்யைக் குழைத்து ஊட்டியிருக்கிறாள். கெட்ட மனசில் இல்லை, நல்ல மனசில்தான். அந்த உடம்புக்கு அதுதான் விஷம். மூன்றாவது தடவை மானம் போகக் கூடாது என்று வியாழக்கிழமை மத்தியானத்தோடு சோற்றை நிறுத்தி, அடுப்படியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாளாம்.

வெள்ளிக்கிழமை காலை செல்வி நடந்து வரவில்லை, மாமியார் தோளில் தொங்கிக்கொண்டு வந்தாள். ரத்தம் எடுத்தேன். கொஞ்சம் நீர்த்திருந்தது, ஆனாலும் பால்தான். மூன்றாவது ஸ்டாம்ப். சீட்டை நீட்டுவதற்குள் பெஞ்சில் சுருண்டு விழுந்துவிட்டாள், வலி முதுகுக்குப் பாய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு. கேஷுவால்டியில் சேர்த்தார்கள். வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று எழுதி, கணையமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு அமைலேஸ் கேட்டார்கள், கணையம் புண்ணானால் ரத்தத்தில் ஏறுகிற என்சைம் அது.

அந்த டெஸ்ட்டும் என் கைக்கே வந்தது. கலங்கல் சீரத்தை மெஷின் சரியாகப் படிக்காது, அதனால் கலங்கலை எடுத்துவிட்டுப் போடுவது எங்கள் வழக்கம். வேகமாகச் சுற்றி, மேலே மிதந்த வெள்ளையைப் பிப்பெட்டால் உறிஞ்சி, கழிவு ஜாடியில் கொட்டினேன். அந்தப் பெண்ணுடைய நோயே அந்த வெள்ளைதான். நோயைக் கொட்டிவிட்டு மிச்சத்தை அளந்திருக்கிறேன். அமைலேஸ் நார்மல் என்று வந்தது. இப்படிப்பட்ட ரத்தத்தில் அது மறைந்து நிற்கும், சலைன் விட்டு நீர்க்கப் பண்ணினால்தான் வெளியே வரும். இது எனக்குத் தெரியாததில்லை. சார் ஒரு தடவை செய்து காட்டியிருக்கிறார். செய்யவில்லை. நார்மல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். கேஸ் ஷீட்டில் என் மூன்று ஸ்டாம்புகள், கூடவே இந்த நார்மல். டியூட்டி டாக்டர் கண்டதைத் தின்று வந்த வாயுவலி என்று முடிவு கட்டி, வயிறு காயட்டும் என்று அந்தப் பட்டினியை மட்டும் தொடரச் சொன்னார்.

சனிக்கிழமை வார்டுக்கு நானே ரத்தம் எடுக்கப் போனேன். கையில் ட்ரிப்ஸ். முகம் மஞ்சள் பூத்து, உதடு வெடித்திருந்தது. என் தட்டைப் பார்த்ததும், நான் கேட்காமலே, "இன்னிக்கும் ஒண்ணும் சாப்பிடலக்கா" என்றாள். கோபமோ குத்தலோ அதில் இல்லை. டீச்சரிடம் வீட்டுப்பாடம் காட்டுகிற குரல். நரம்பு தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை ஹெக்டே சார் வந்தார். கல்யாண லட்டு டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு, வழக்கம்போல ஃப்ரிட்ஜைத் திறந்தார். புதன்கிழமை ட்யூப் அங்கேயே நின்றது. மேலே விரல்கடை உயரத்துக்கு வனஸ்பதி மாதிரி வெள்ளையாக உறைந்து, அடியில் தெளிவாக இருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஏனு நோடிதிரி, மேரியவ்ரே?"

"சாப்பிட்டுட்டுப் பொய் சொல்ற கேஸ் சார். மூணு தடவை வந்துடுச்சு."

அப்போதும் அதைத்தான் சொன்னேன். அவர் தலையசைக்கவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு தானே பிப்பெட்டை எடுத்தார். வெள்ளிக்கிழமை காலை எடுத்த சீரத்தில், வெள்ளையை நீக்காமல் மிச்சம் இருந்ததில் ஒரு பங்கு, சலைன் ஒன்பது பங்கு. அமைலேஸ் எகிறி நின்றது. ட்ரைகிளிசரைடை மெஷின் படிக்க மாட்டேன் என்றது. மறுபடி நீர்க்கப் பண்ணி, மறுபடி போட்டு, பெருக்கிப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் இருந்தது. போனை எடுத்து வார்டுக்குச் சொன்னார். சொன்னது போதாது என்று மாடிப்படியில் ஓடினார். அந்த மனுஷன் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

திரும்பி வந்து எனக்கு விளக்கினார். நான் மேலே எழுதினேனே, பொட்டலத்தைப் பிரிக்கிற என்சைம், அது சிலருக்குப் பிறவியிலேயே வேலை செய்யாது. ரொம்ப அபூர்வம். சாப்பிட்ட கொழுப்பு இறங்க இடமில்லாமல் ரத்தத்திலேயே சுற்றும். ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தாலும் காலையில் பாலாகத்தான் இருக்கும். அதுவரைக்கும் எப்படியோ ஓட்டியவளுக்குக் கர்ப்பத்தில் இன்னும் ஏறி, கணையம் புண்ணாகிவிட்டது. "அவங்க சொன்னது நிஜம்" என்றார் கன்னடத்தில். சாப்பிடவே இல்லை.

அன்று சாயங்காலமே ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, இரண்டு உள்ளங்கையில் அடங்கும் அளவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள், பிழைத்தது. செல்வி புதன்கிழமை மத்தியானம் போய்விட்டாள். அந்தப் புதன்கிழமையே தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று சாரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். எனக்கு ஆறுதலுக்காகச் சொன்னாரா, உண்மையே அதுதானா, தெரியாது. ஆனால் அந்த நெய்ச்சோறு நின்றிருக்கும். ஐந்து நாள் முன்னால் வைத்தியம் தொடங்கியிருக்கும். அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

மறுநாள் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவள் கணவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அவள் பொய் சொல்லவில்லை என்று. பிரச்சினை வந்தால் எச்.ஓ.டி. நான், பதில் நான் சொல்கிறேன்." இதைவிட ஒரு மேலதிகாரி என்ன சொல்ல முடியும்? அதற்கு ஏற்ற மாதிரி அவள் புருஷன் முருகேசனே லேபுக்கு வந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"மேடம், அவ ஒளிச்சு வெச்சு என்னமோ தின்னுட்டாதான் இப்படி ஆச்சுன்னு எங்கம்மா சொல்றாங்க. லேப்லயே சொன்னாங்கன்றாங்க. என்ன மேடம் தின்னா? உங்களுக்குத் தெரியும்ல?"

வாயைத் திறந்தேன். என் வேலை, என் ரெண்டு பிள்ளைகள், போலீஸ், பேப்பர் எல்லாம் கண் முன்னால் வந்து நின்றது. "அதெல்லாம் டாக்டர்கிட்ட கேளுங்கப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அவன் ஜன்னலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான். சாயங்காலம் சார், "ஹேளித்ரா?" என்று கேட்டார். சொன்னீர்களா என்று. "சொல்லிட்டேன் சார்" என்றேன். "ஒள்ளேது" என்றார், நல்லது என்று. நம்பிவிட்டார். செல்வி விஷயத்தில் அந்த லேபில் பொய் சொன்ன ஆள் ஒருத்திதான், அது நான். சார் ரிடையர் ஆகி, ஊருக்குப் போய், அங்கேயே காலமாகியும் விட்டார். கடைசிவரை நான் சொல்லிவிட்டேன் என்றே நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கலங்கல் ட்யூபையும் நான் விடவில்லை, தோண்டித் துருவினேன். அதனால் இன்னொருத்தியைக் காப்பாற்றினேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி ஒரு கேஸ் எனக்கு வரவே இல்லை. இப்போது புது மெஷின் கலங்கலைத் தானே பிடித்து, கையோடு பேஷன்ட் போனுக்கு வெறும் வயிற்றோடு மறுபடி வரவும் என்று மெசேஜ் அனுப்பிவிடுகிறது. ட்யூபை யாரும் கண்ணால் பார்ப்பதுகூட இல்லை. மலருக்குக் கேட்க வந்த அந்த மூன்று பெண்களிடம், ரெண்டாவது தடவையும் கலங்கினால் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "இன்னொரு மெசேஜ் போகும் மேடம்" என்றார்கள்.

அவர்கள் போன பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இருபது வருஷமாக மனசில் இருந்த விலாசம், சந்தாபுரா பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

முருகேசனுக்கு முடி நரைத்து, தொப்பை போட்டிருந்தது. இரண்டாம் மனைவி, அவளுக்கு இரண்டு பையன்கள். சுவரில் மாமியார் படம், மாலையோடு. செல்வி படம் எங்கும் இல்லை. நான் யார் என்று சொல்லி, நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை ஒன்று விடாமல் சொன்னேன். உங்கள் சம்சாரம் எதையும் ஒளித்துத் தின்னவில்லை, தப்பு முழுக்க என்னுடையது என்றேன். அடிப்பான், கத்துவான் என்று நினைத்தேன். டி.வி. சத்தத்தை மட்டும் குறைத்தான்.

"எங்கம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு மேடம். சாகிற வரைக்கும் 'தின்னே செத்தா, தின்னே செத்தா'ன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. நானும் அப்படியே நெனச்சுட்டேன். இப்ப வந்து சொல்றீங்க. விடுங்க, முடிஞ்சுபோச்சு. டீ சாப்பிடுங்க."

டீ கொண்டு வந்தவள்தான் அந்தக் குழந்தை. தீபா, இருபது வயசு, ஒரு கம்பெனியில் ரிசெப்ஷன் வேலை. அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் கிளம்பியதும் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தாள். பாதி வழியில், "இன்னொரு இட்லி கேட்டாக்கூட பாட்டி 'அம்மா புத்தி'ன்னு சொல்லுவாங்க ஆன்ட்டி. வெளியில யார் வீட்டுலயும் நான் சாப்பிட மாட்டேன்" என்றாள். என்னை மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன்.

தூரத்தில் என் பஸ் வந்தது. அவள் என் கையைப் பிடித்தாள்.

"அப்போ எங்கம்மா பசியோடதான் செத்தாங்களா?"

வலி அவ்வளவு இருக்கும்போது பசி தெரியாதும்மா என்று சொல்லியிருக்கலாம். அதில் பாதி நிஜமும் உண்டு. வாய் வரவில்லை.

"ஆமாம்மா. வியாழக்கிழமை மத்தியானத்துலேருந்து."

"போனது புதன்கிழமைல்ல?"

"ஆமா."

அவள் என் கையை விட்டுவிட்டு, வெள்ளி, சனி, ஞாயிறு என்று விரலை மடக்கிக்கொண்டே போனாள். ஒரு கை போதவில்லை.